வளைவடியில் ஒரு குடை

குகனின் அம்மாவை நான் விட்டுவிட்டு ஓடிவந்தேன். அவர்தான் வரமாட்டேன் என்றார் என்று இத்தனை வருடமாகப் பொய் சொல்கிறேன்.

நான் நல்லவன் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது அந்தப் பொய் தந்த பெயர்.

எங்கள் ஊர் நல்லூர். ஒரு காலத்தில் ராசாக்களின் தலைநகரம். எங்கள் நாளில் யாழ்ப்பாணப் பட்டினத்தின் ஓர் ஓரம். ராசா காலத்து வாசல் வளைவு ஒன்று தெருவோரம் நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் வீடுகள்.

போர்க்காலம். ஆமிப்படை கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஷெல் விழுந்தது. மழை வேறு. குகன் அப்போதே லண்டனில். அவன் அம்மாவுக்குக் கால் ஏலாது. பக்கத்து வீட்டுக்காரன் நான்தான் துணை.

என்னிடம் ஒரு சைக்கிள். கரியரில் ஒன்றைத்தான் ஏற்றலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினை ஏற்றினேன்!

"மாமி, வளைவடியிலை நில்லுங்கோ. இதை இறக்கிப்போட்டு வாறன்."

"கெதியா வா தம்பி. மெசின் நனைஞ்சாக் காயும். நான் நனைஞ்சாத் தடிமன் பிடிச்சிடும்."

சிரித்தார். குடையை விரித்தார்.

ஊரை விட்டுப் போகும் சனம் தெருவை அடைத்தது; அதோடு நானும் போய்விட்டேன். திரும்பிப் போயிருக்கலாமா? அவ்வளவு சனத்துக்கு எதிராக... ஏலாதுதான். ஆனால் நான் முயலவே இல்லை.

பட்டினத்தை விட்டு வெளியேறும் வழியில், நாவற்குழிப் பாலத்தில் சைக்கிள் சில்லு வளைந்தது. பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள். மெசினைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன். கரியர் வெறுமையாக இருந்தது. அப்போதும் திரும்பவில்லை!

மாதங்கள் கழித்து ஊருக்குப் போனேன். மாமியைக் கண்டவர் ஒருவரும் இல்லை. வளைவடியில் குடை கிடந்தது, கம்பி துருப்பிடித்து. அவர் வீட்டில் இருக்கவில்லை, எனக்காகக் காத்து நின்றார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. ஒருவரும் பார்க்கமுன் எடுத்துக் கிணற்றில் போட்டேன்.

குகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "கெஞ்சிப் பார்த்தன். வீட்டை விட்டு வரமாட்டன் எண்டிட்டா."

இப்போது நானும் லண்டனில்தான், பிளேஸ்டோவில். அவன் இல்ஃபோர்ட்டில். ஊர் விட்ட நாளில் தாய்க்குத் திவசம் கொடுக்கிறான். முதல் இலை எனக்கு. அன்றைக்கு மட்டும் தாயின் படம் வெளியே வரும். சாப்பாடு முடிய அலுமாரிக்குள் போய்விடும். தகப்பன் படம் சுவரிலேயே இருக்கிறது. ஏன் என்று இந்த முறை கேட்டேன். ஏன் கேட்டேன்...

"என்னை விட வீடு பெரிசாப் போச்செல்லோ அவவுக்கு. அந்தக் கோவம் இன்னும் ஆறேல்லை, அண்ணை."

இத்தனை வருடக் கோபம்! என்மேல் விழவேண்டியது அது. வாயைத் திறந்தேன்...

"பாயாசம் விடட்டே, அண்ணை?" குகனின் மனைவி.

"ஓம். கொஞ்சம்."

வெளிக்கிடும்போது மழை. குகன் குடையை நீட்டினான்.

"பிடியுங்கோ அண்ணை. நனைஞ்சாத் தடிமன் பிடிச்சிடும்."

தாயின் அதே சொல். அவனுக்குத் தெரியாது.

வேண்டாம் என்றேன். நனைந்துகொண்டே பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

அடுத்த வருடமும் கூப்பிடுவான். போவேன். முதல் இலை எனக்குத்தான்...