தள்ளுவண்டியில் வந்த அக்கார்டியன்

நான் தாத்தா ஆகி இன்னியோட பதினோரு நாள். பேத்தியப் பாத்தா பசிகூட தெரியல. என் பொண்ணு எங்க கரை, மாப்பிள்ளை அந்தக் கரை. போஸ்னியாவுல எங்க மோஸ்டார் ஊர்ல சண்டைக்கப்புறம் ஆத்துக்கு இந்தப் பக்கம் முஸ்லிம் ஆளுங்க, அந்தப் பக்கம் குரோவாட் ஆளுங்க. இதுங்க ரெண்டும் பாத்துக்கிட்டதே ரெண்டு கரையும் சேந்து பாடுற எங்க பாட்டுக் குழுவுலதான். அந்தக் குழு நிலைச்சது மாண்டாவால. அந்த மகராசிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

மாண்டா அந்தக் கரை. ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலை. புருஷன் எங்க கரையில இருந்து வந்த குண்டு பட்டுச் செத்தாரு. அவரோட அக்கார்டியனை, அந்தத் துருத்தி வச்ச வாத்தியத்தை, தானே பழகிக்கிட்டு எங்களுக்கு வாசிக்க வந்தாங்க. ஏம்மா வர்றீங்கன்னு கேட்டேன்.

"வீட்டுல வாசிச்சா அழுகை வருது ரசீம் அண்ணே. இங்க நாப்பது பேரு தப்பா பாடுறீங்க, அழ நேரமே இல்ல."

புருஷனோட அண்ணன் ஸ்டிப்போவுக்கு இது தெரியாது. "தம்பி வாத்தியம் முஸ்லிம் கரைக்குப் போச்சுன்னா ஆத்துல வீசிருவேன்"னு சொல்லி வச்சிருந்தாரு. அதனால அதைப் பச்சைக் குழந்தைங்களை வச்சுத் தள்ளுற தள்ளுவண்டியில படுக்க வச்சு, போர்வை போத்தி, குழந்தை மாதிரி தள்ளிட்டு வருவாங்க.

முதல் கச்சேரி அன்னிக்கு நானும் பாலத்துக்குப் போயி வண்டிக்கு ஒரு கை கொடுத்தேன். நடுப்பாலத்துல பின்னாடியே வந்துட்டாரு ஸ்டிப்போ.

"யாரு குழந்தை மாண்டா?"

"பக்கத்து வீட்டுக்காரிது அத்தான். தூங்குது."

எங்க ஊர்ல எந்தக் கரையா இருந்தாலும் பச்சைக் குழந்தையை வெறுங்கையோட பாக்கக் கூடாது, தலைமாட்டுல பணம் வைக்கணும். மனுஷன் பத்து மார்க் நோட்டோட போர்வைக்குள்ள கையை விட்டாரு. அவசரத்துல மாண்டா துருத்தியோட வாரை மாட்டல. கை அழுந்தினதும் வாத்தியம் கன்னுக்குட்டி மாதிரி கத்துச்சு.

போர்வையை விலக்கிப் பாத்தாரு. மாண்டா ரெண்டு கையாலயும் வண்டியை இறுக்கிக்கிட்டாங்க.

"இத்தனை நாளா ஏமாத்தியிருக்க."

"ஆமா அத்தான். ஆத்துல போடணும்னா என்னையும் சேத்துப் போடுங்க."

"உன்னைத் தூக்க நாலு ஆளுல்ல வேணும்."

மாண்டா நோட்டை எடுத்து நீட்டினாங்க. அவரு கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. "வச்சதைத் திருப்பி வாங்குவாங்களா? பிள்ளைக்கு ஆகாது."

பிள்ளைன்னு சொன்னப்புறம்தான் அவருக்கே உறைச்சுச்சு போல.

"வாரை மாட்டு. என் தம்பி இப்படித் திறந்து விடமாட்டான்"னாரு. அப்புறம் என்கிட்ட, "யோவ், இறக்கத்துல படி இருக்கு, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடி. கீழ போட்டே, உன்னைத்தான் வீசுவேன்."

எங்க கரைக்கு அவரு வரல. பாலத்தை ஒட்டுன முற்றத்துலதான் பாடினோம். ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பினா, ஆளு அதே இடத்துல நிக்கிறாரு.

"இங்க வரைக்கும் கேட்டுச்சு"னாரு மாண்டாகிட்ட. "கடைசிப் பாட்டுல தாளத்துக்கு முன்னாடி ஓடிட்ட. அடுத்த தடவை நிதானமா வாசி."