கூட்டம் இல்லாத நாள்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளைப் பிள்ளைகள் பஸ் அத்தை என்பார்கள். சாலையில் அவளுக்குப் பின்னால் வருபவர்கள் வேறு பெயர்களில் அழைப்பார்கள். பஸ்ஸை நிறுத்திப் பக்கவாட்டில் 'நில்' பலகையை நீட்டினால், இறங்கிய பிள்ளை பையைத் தோளில் ஏற்றி, அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்டி, சாலையைக் கடந்து அம்மாவிடம் சேரும்வரை அது மடங்காது. பின்னால் ஹார்ன் அலறும். அவள் கண்ணாடியில் பிள்ளையை மட்டும் பார்ப்பாள். அவசரக்காரர்கள் வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

பெரிய உடம்பு. ஓட்டுநர் இருக்கையை முடிந்தமட்டும் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வாள். அதைப் பற்றி அவளே கிண்டலடிப்பாள். வேறு யாராவது அடித்தால் அடுத்த தடவை யோசித்துத்தான் அடிப்பார்கள்.

போன வருட விடுமுறையில் கணவனோடு தீம் பார்க்குக்குப் போனாள். பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற வெயிலில் வரிசையில் நின்று காய்ந்து, கடைசியில் உட்கார்ந்தபோது அவள் மடிமேல் இறங்க வேண்டிய கம்பி பூட்டிக்கொள்ளவில்லை. வண்டியை இயக்குகிறவன் ஒரு கையால் அழுத்தினான். பிறகு இரண்டு கையால். பிறகு உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டான். வரிசையில் யாரோ கை தட்டினார்கள். இறங்கிடுங்கக்கா என்றான். இறங்கினாள். பக்கத்து இருக்கையில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவன் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியோடு போனான்.

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. கம்பிக்கு மனசு கிடையாது, அதை விட்டுவிடலாம். கட்டின மனுஷன் மேலே போய்க் கூவினான். அவள் கீழே ஒரு ஜோடி செருப்போடு நின்றாள். வீடு வந்து சேரும்வரை அவன் அந்தக் கடைசி வளைவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

ஒரு நாள் பார்க்குக்கே போன் போட்டுக் கேட்டாள். எடுத்த பெண் நல்ல மாதிரி. கடைசி வரிசையில் அகலமான இருக்கை ஒன்று இருக்கிறது, அதற்கு நீளமான பெல்ட் உண்டு, ஆனால் வண்டியை நிறுத்திவைத்து ஓர் ஆள் வந்து மாட்டிவிட வேண்டும், நெரிசலில் அதெல்லாம் செய்வதில்லை என்றாள். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொன்னாள்.

ஆக, இருக்கை இருந்திருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை.

வருடாவருடம் அவர்கள் நகரத்தில் பெரிய கார் பந்தயம் நடக்கும். சாலைகளை அடைப்பதால் அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த வாரத்தில்தான் போகப்போவதாகச் சொன்னதும் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். நகரமே பிதுங்கி வழியும்போது கூட்டம் இல்லாத இடம் தேடிப் போகிற முதல் ஆள் நீதான் என்றாள். அவள் கணக்கு வேறு. வந்தவர்கள் முந்தின நாட்களில் பார்க்கை நிரப்புவார்கள். கார்கள் ஓடுகிற நேரத்தில் டிக்கெட் வாங்கினவன் மைதானத்தில் இருப்பான், வாங்காதவன் டிவி முன்னால் இருப்பான். பார்க்கில் காற்று வாங்கலாம். எந்தச் சாலை அடைபடும், எந்தச் சந்து திறந்திருக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரச்சினை கணவன்தான். பந்தயம் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். அன்றைக்கு அவனுடைய கூட்டாளிகள் எல்லோரும் இவர்கள் வீட்டு டிவி முன்னால்தான் கிடப்பார்கள். வேறு நாளில் போகலாமே என்றான். சுற்றிச் சுற்றி அதையே சொன்னான்.

"போகலாம். அன்னிக்கும் செருப்ப நான்தான் பிடிக்கணும்."

அவன் போனை எடுத்துக் கூட்டாளிகளை வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

அவள் கணக்கு தப்பவில்லை. பார்க் வெறிச்சோடிக் கிடந்தது. பாப்கார்ன் விற்கிறவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கினான். நேராகப் பெரிய வண்டிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முதலில் படகு. பிறகு ராட்டினம். பிறகு மறுபடியும் படகு. பயப்படுகிறாள் என்று கணவன் நினைத்தான். பயம்தான்.

இரண்டாவது தடவை படகிலிருந்து இறங்கும்போது கணவனின் போன் விடாமல் அதிர்ந்தது. பந்தயப் பாதைப் பக்கம் மழை கொட்டுகிறதாம். பந்தயத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவன் முகத்தில் முதலில் வருத்தம் வந்தது, பிறகு வெளிச்சம். நாளைக்கு வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். நனைந்த கொடிகளும் கலர் தொப்பிகளுமாக மைதானத்துக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ரோலர் கோஸ்டருக்குப் படியேறுவதற்குள் அவளுக்குப் பின்னால் வரிசை கீழ்வரை நிறைந்துவிட்டது. இன்னொரு நாள் வரலாம் என்று கணவன் காதோரம் சொன்னான். அவள் ஏறினாள்.

மேலே, போன வருடம் கம்பியை அழுத்தின அதே ஆள்தான் நின்றான். அவனுக்கு அவளை ஞாபகமில்லை. கடைசி வரிசை அகல இருக்கை வேண்டும் என்றாள்.

"கூட்டமா இருக்குக்கா. கூட்டம் இல்லாத நாளாப் பாத்து வாங்களேன்."

"இதுதாம்ப்பா அந்த நாள். இவங்கதான் வந்துட்டாங்க."

பின்னாலிருந்து ஒருவன், டயர் மாத்தணும்னா சீக்கிரம் மாத்தி அனுப்புங்கப்பா என்றான். தொப்பிகள் சிரித்தன. பிறகு விசில், பிறகு தரையில் காலைத் தட்டும் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். இந்தச் சத்தத்தை அவள் தினமும் காலையிலும் மாலையிலும் கேட்கிறவள். இதுவரை யார் யார் பிள்ளைக்காகவோ கேட்டிருக்கிறாள். இருக்கைகளுக்குப் போகும் சின்னக் கதவின் குறுக்கே கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி யாரும் உள்ளே போக முடியாது.

"எல்லாரும் நிக்கிறாங்கக்கா," என்றான் அவன்.

"நிக்கட்டும்."

அவன் கணவனைப் பார்த்தான். கணவன் கூரையைப் பார்த்தான். கடைசியில் இயக்குகிறவன் வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டான். விசில் ஓயும்வரை யாரும் வரவில்லை. பிறகு ஒரு பெண் நீளமான பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக வந்தாள். பஸ் அத்தையை அகல இருக்கையில் உட்காரவைத்து மாட்டினாள், இழுத்தாள், ஒரு முறை தட்டிப் பார்த்தாள். க்ளிக் என்றது.

கணவன் பக்கத்து இருக்கையில் ஏறக் காலை வைத்தான். அவள் செருப்பைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"நீங்கதான் போயிட்டு வந்துட்டீங்களே."

வாங்கிக்கொண்டான். வண்டி கிளம்பியது. கடைசி வளைவில் அவள் போட்ட சத்தம், பிந்தி வரும் பிள்ளையைத் தெருமுனையிலிருந்தே பஸ்ஸுக்குக் கூப்பிடும் அதே குரல். கீழே பாப்கார்ன்காரன் விழித்துக்கொண்டான்.

இறங்கி வந்ததும் செருப்பைத் தரையில் போடச் சொன்னாள். ஒரு காலை நுழைத்தாள். குனிந்து வாரைச் சரிசெய்தாள். பிறகு அடுத்த கால். வெளியே போகும் வழி குறுகல். இறங்கியவர்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள்.