பேரி மரத்தடியில் வைஃபை

மன்னவனூரில் எங்கள் வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. கொல்லையில் நிற்கும் பேரி மரத்தில் மட்டும் உண்டு. போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டு, ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் வந்து லேப்டாப்பைத் திறப்போம். எங்கள் தெருவில் பல மரங்களில் இப்படி ஒரு பை ஆடும். சுற்றுலா வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் படம் பிடித்துப் போவார்கள்.

லேப்டாப் நான் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அதிலிருந்த பழைய சிஸ்டம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். ஆனால் எனக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து தரும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். திங்கட்கிழமை வீடியோவில் நேர்காணல். கிடைத்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கொடைக்கானல் லாட்ஜில் வரவேற்பு மேசை, தினமும் வளைவுக்கு வளைவு பஸ்ஸில் குமட்டல்.

டவுனில் பழுது பார்ப்பவர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஓல்டு மாடல் மேடம், எதப் போட்டாலும் ஒத்துக்காது. புதுசு வாங்கிருங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. புது விதைப்பூண்டு மண்ணுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை நாங்கள் ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்துத்தான் சொல்வோம்.

லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தையும் அப்படிப் போட்டுப் பார்க்கலாம் என்று படித்ததுமே அது எனக்குப் பிடித்துப்போனது. இலவசம். பென்டிரைவைச் செருகினால், உள்ளே இருப்பதை அழிக்காமல் அதிலிருந்தே ஓடும். டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, ஞாயிறு காலை செருகினேன். கேமராவில் என் முகம் வந்தது, மைக்கில் குரல் வந்தது, தமிழ் எழுத்தும் வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. அந்த வைஃபை சில்லுக்கு டிரைவர் என்ற மென்பொருளைத் தனியாக இறக்க வேண்டுமாம். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். அழுகையே வந்துவிட்டது.

காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் லேப்டாப்பைக் காணோம். என் வீட்டுக்காரர் அதை வாசலில், காயப்போட்ட பூண்டுக்கு நடுவில் வைத்திருந்தார். பென்டிரைவைப் பிடுங்கிப் பக்கத்தில் தனியாகக் காயவைத்திருந்தார்.

"ஈரம் எறங்கிருக்கும். கொஞ்ச நேரம் வெயில்ல கெடக்கட்டும்" என்றார். எங்கள் ஊரில் ரேடியோவிலிருந்து மிக்சி வரை எது ஓடாவிட்டாலும் முதல் வைத்தியம் இதுதான்.

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிரைவர் இல்லாம கெடக்குங்க!"

"டிரைவரா? இதென்ன லாரியா?"

லேப்டாப்பை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தேன். பேரி மரத்தில் போன் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சார்ஜர் வயர் நினைவுக்கு வந்தது. போனிலிருந்து அந்த வயர் வழியாகவும் லேப்டாப்புக்கு இணையம் கொடுக்கலாமே!

பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், வீட்டிலிருந்து மின்வயரை இழுத்துவந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். பென்டிரைவைச் செருகினேன், போனைக் கிளையில் விட்டபடியே வயரைக் கோர்த்தேன். டிரைவர் இறங்கத் தொடங்கியதும் மேகம் இறங்கித் தூறல் போட்டது. வீட்டுக்காரர் குடையோடு ஓடிவந்து லேப்டாப்புக்குப் பிடித்தார். நான் தொப்பலாக நனைந்தேன்.

"வெரசா முடி" என்றார்.

முடிந்ததும் போன் வயரை உருவினேன். வைஃபை பட்டியலில் எங்கள் போன் தெரிந்தது. மின்வயர் கழலாதபடி லேப்டாப்போடு வீட்டுக்குள் ஓடினேன், அங்கும் தெரிந்தது. இனித் தயங்க ஒன்றுமில்லை என்று பழைய சிஸ்டத்தை அழித்து லினக்ஸையே நிரந்தரமாக ஏற்றினேன்.

நேர்காணலில் என்ன சிஸ்டம் என்று கேட்டார்கள். "லினக்ஸ். நானே போட்டது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்த லேப்டாப்பில்தான் சம்பாதிக்கிறேன்.

வீட்டுக்காரர் மட்டும் டீக்கடையில், "நாந்தான் வெயில்ல வச்சுச் சரி பண்ணேன்" என்று சொல்லித் திரிகிறார். குடை பிடித்ததற்கு வேண்டுமானால் என் பெருமையில் அவருக்குப் பங்கு உண்டு. வெயிலுக்குத் துளியும் தரமாட்டேன்.