நாலு கியர் பின்னுக்கு, ஒரு கியர் முன்னுக்கு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாற்பத்தேழு வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்களை முந்தவேண்டும் என்ற ஒரே இலட்சியத்துக்காக என் பழைய இரண்டு கதவுக் காருக்கு இரட்டிப்புப் பலமுள்ள எஞ்சின் பூட்டினேன். மனைவியிடம், பெற்றோல் மிச்சமாகும் என்று சொல்லியிருந்தேன்.

முதல் பஸ்ஸை முந்தினேன். இரண்டாவதை முந்த மிதித்தபோது பின்னால் 'டொக்' என்றது. எஞ்சின் ஆனந்தமாக அலறியது, கார் நின்றுவிட்டது. பின் சக்கரங்களைச் சுழற்றும் அக்சல் புது எஞ்சினின் பலம் தாங்காமல் முறிந்திருந்தது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாங்கள், வாழைக்குலை லொறி ஒன்று கயிறு கட்டி இழுத்துவர, குண்டசாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வழி நெடுக என் மனைவி பட்டுச்சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். வாசலில் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"என்னங்க, இன்னொரு தடவ இது கயித்துல கட்டி வீட்டுக்கு வந்தா, அன்னைக்கே வித்துருவோம். ஆள் பாத்து வச்சிருக்கேன்."

யார் என்று கேட்டேன். பழைய இரும்புக் கடைக்காரர்.

அலவத்துகொடையில் எனக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒருவர் இருந்தார். காரை அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். என் வயது, என்னைப் போலவே கார் வியாதி. அண்ணன் என்ற முறையில் நான் அவரை 'நானா' என்பேன், தமிழ் வாத்தியாரான என்னை அவர் 'சேர்' என்பார். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பிக்கப் ஒன்றின் பின் அக்சலை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார். என் காரின் அக்சல் அதன் பக்கத்தில் குடைக்கம்பி மாதிரிக் கிடந்தது.

"இது முறியிறண்டா மொதல்ல மல முறியணும், சேர்" என்றார்.

இருவரும் சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்தோம். காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

அடுத்த நாள் நான் வகுப்பில் நிற்கும்போது அவரிடமிருந்து போன். பிக்கப்பில் ஸ்பிரிங் தகடு உட்காரும் இருக்கைகள் அக்சலின் மேற்பக்கம் இருக்கின்றனவாம், என் காருக்கோ கீழ்ப்பக்கம் வேண்டுமாம். என்ன செய்வது?

"கழற்றித் திருப்பிப் போடுங்க, நானா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இருக்கைகளை வெட்டிக் கழற்றி, கீழ்ப்பக்கம் மறுபடி ஒட்டுங்கள் என்பது நான் கொண்ட பொருள். அவர் கொண்ட பொருள் வேறு. அக்சலையே தலைகீழாகத் திருப்பிப் பூட்டிவிட்டார். இருக்கைகள் கச்சிதமாகக் கீழே வந்துவிட்டன. அந்த நேரம் கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்த பாடம் சிலேடை.

இரண்டு நாள் கழித்துக் காரை எடுக்கப் போனேன். ஏறி, ஸ்டார்ட் செய்து, முதல் கியரைப் போட்டேன். கார் சிங்கம் போலப் பாய்ந்தது, பின்னோக்கி. டயர்க் குவியலில் போய் நின்றோம். இரண்டாம் கியர் போட்டுப் பார்த்தேன், அதுவும் பின்னுக்கு. அக்சல் கவிழ்ந்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுழலும் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

நானா தாடியைச் சொறிந்தார். "நீங்க தானே சேர் சொன்ன, திருப்பிப் போடுங்கண்டு."

"அந்தத் திருப்பி இல்ல, நானா."

"எத்தன திருப்பி ஈக்கி?"

சிரிப்பு வந்துவிட்டது. அவர் டயரில் உட்கார்ந்து சிரித்தார், நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தேன். பிறகுதான் நிலைமை புரிந்தது. அடுத்த நாள் ஹஜ்ஜுப் பெருநாள். வெல்டிங்காரர் ஊருக்குப் போய்விட்டார். முற்றத்தில் பெருநாளுக்கு அறுக்கும் குர்பான் மாட்டைக் கட்ட இடம் வேண்டும், கார் நிற்க முடியாது.

"கட்டி இழுத்துட்டு வந்து வுடவா?" என்றார்.

இரும்புக் கடைக்காரரின் முகம் கண்ணில் தெரிந்தது.

"வேணாம்" என்றேன். "முன்னுக்குப் போக ஒரு கியர் இருக்குத்தானே."

ரிவர்ஸ் கியரைப் போட்டேன். கார் சாதுவாக முன்னோக்கி நகர்ந்தது. கூடவே பின்னால் வெள்ளை லைட் எரிந்தது. போதாக்குறைக்கு, முந்தைய சொந்தக்காரர் பூட்டிவைத்த ரிவர்ஸ் பாட்டுப் பெட்டியும் கிணுகிணுக்கத் தொடங்கியது. அலவத்துகொடையிலிருந்து குண்டசாலை வரைக்கும், நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாக, பாடிக்கொண்டே போனேன். அக்குறணையில் பெருநாள் சாமான் வாங்க வந்த சனம் முழுக்க நின்று பார்த்தது. பின்னால் வந்த வாகனங்கள், எந்த நேரமும் நான் அவர்கள்மேல் வந்து ஏறுவேன் என்ற பயத்தில், ஒரு பஸ் நீள இடைவெளி விட்டுப் பவ்வியமாகத் தொடர்ந்தன. என் ஆயுளில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஓட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"அண்ணே, முன்னுக்குப் போறீங்களா, பின்னுக்குப் போறீங்களா?"

"முன்னுக்குத்தான்."

"அப்ப அத லைட்டுக்கும் சொல்லிருங்க."

பாட்டுச் சத்தம் கேட்டே மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். முன் பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"கயிறு இல்ல" என்றேன்.

"அது தெரியுது. எதுக்குப் பாடுது?"

"சந்தோஷத்துல."

சரி என்று தலையாட்டினாள். கார் பிழைத்தது.

பெருநாள் முடிந்து, நானா இருக்கைகளை வெட்டி, சரியான பக்கம் ஒட்டி, அக்சலை நேராகப் பூட்டித் தந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவியை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவைக்கு விட்டேன். கீழே இறங்கித் திருப்பிக்கொண்டு, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தேன். முதல் பஸ்ஸை முந்தினோம். இரண்டாவதையும் முந்தினோம். மூன்றாவதின் கொண்டக்டர் படியில் நின்று எனக்குக் கையசைத்தார், அல்லது திட்டினார். பின்னால் ஒரு 'டொக்' இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. உச்சியில் ஓரமாக நிறுத்தி, உலகத்தையே வென்றவன் மாதிரி அவள் பக்கம் திரும்பினேன்.

"எப்படி?"

"எது எப்படி?"

"ஒன்னும் முறியலையே. ஒரு சத்தம் வந்துச்சா? ஒன்னுமே நடக்கல, பாத்தியா?"

அவள் சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

"ஏங்க, இத்தன பாடும் ஒன்னும் நடக்காம இருக்கிறதுக்கா?"