ஓ.டி.பி. சொல்லாத அப்பாவும் மெல்போர்ன் விமானமும்

பல்குரல் பேசும் தொழிலில் தொண்டை கட்டுவதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. என்றைக்காவது சொந்தக் குரலில் உண்மையைச் சொன்னால் அதற்கும் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் பாருங்கள், அதுதான் கஷ்டம்.

கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று மதுரைப் பக்கம் எங்கே மைக் கட்டினாலும் நான் ஆஜர். டவுன் பஸ் கண்டக்டர், எங்கள் ஹெட்மாஸ்டர், தண்ணி லாரி ஹார்ன், ஸ்டார்ட் ஆகாத ஷேர் ஆட்டோ எல்லாம் என் தொண்டைக்குள் குடியிருக்கின்றன. ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகில் தடம் விழுந்தவர்களே, "இதோ வந்துரும் சார்" என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்களே, நீங்கள் நம்ம ஆளுக. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் பந்தி

பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் அப்பா பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டேன். மூக்கால் பேசுகிற அருமையான குரல். கை பரபரத்தது, வாய் அதைவிட. மேடைக்குப் பின்னால் இருந்த மைக்கை எடுத்து, "எல்லாரும் சாப்பிட வாங்க, முதல் பந்தி ரெடி" என்று அவர் குரலிலேயே சொல்லிவிட்டேன்.

மண்டபமே எழுந்து ஓடியது. போட்டோவுக்கு நின்ற பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு சித்தப்பாகூட மிச்சமில்லை. சாம்பார் இன்னும் அடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு வந்த சமையல் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உன் வாயால உக்கார வச்சிட்ட. இனி உன் வாயாலயே பரிமாறு."

செல்லூர்க்காரரின் பாடம்

என் கூட்டாளிகள் ரெண்டு பேர். ஒருத்தன் யாசின், நெல்பேட்டைக்காரன். இன்னொருத்தன் கோபி, செல்லூரில் அவர்களுக்குப் பவர்லூம் இருக்கிறது. கோபியின் அப்பா வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ், கோபம் வந்தால் ரெண்டும் கலந்து பேசுவார். அந்தக் கலவைக்காகவே அவருக்கு அடிக்கடி போன் போடுவேன். ஒரு நாள் கரண்ட் ஆபீஸ்காரர், ஒரு நாள் நூல் வியாபாரி, ஒரு நாள் பேங்க்கில் இருந்து பேசும் பெண்.

முதலில் எல்லாவற்றையும் நம்பினார். "பேங்க் அம்மா" கேட்டாள் என்று ஒரு முறை ஆதார் கார்டைத் தேடி பீரோவையே கவிழ்த்தார். அதற்கப்புறம் உஷாராகிவிட்டார். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "இனிமே தெரியாத பொம்பளைக் குரல்ல யார் பேசுனாலும், அது நீதான்னு வச்சுக்கிட்டு திட்டப் போறேன்டா."

ஒரே ஒரு கண்டிஷன்

யாசினின் அக்காவும் மச்சானும் மெல்போர்னில் இருக்கிறார்கள். பிளஸ் டூ லீவுக்கு மூன்று பேரையும் அங்கே கூப்பிட்டார்கள். யாசின் வீட்டில் சரி, என் வீட்டில் "தொல்லை கொஞ்ச நாள் ஒழியட்டும்." கோபி வீட்டில்தான் மாதக்கணக்கில் போராட்டம். அவன் ராமேஸ்வரத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஊர் திரும்பியதும் காலையில் காலேஜ், சாயங்காலம் தறி என்று முடிவாகிவிட்டது. இப்போது விட்டால் அப்புறம் எப்போது என்று அவனுக்கே தெரியாது.

கடைசியில் அவன் அப்பா தலையாட்டினார். ஆனால் அவருக்குத் தடங்கல் என்றால் பயம். வாசலில் கால் தடுக்கினால்கூட உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். சிம்மக்கல்லில் டிக்கெட் போடும்போது கூடவே வந்து, மூன்று பேருக்கும் சேர்த்து அவருடைய செல் நம்பரைத்தான் எழுத வைத்தார். பிறகு கோபியின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "போற வழியில ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் சரி, அப்படியே வண்டியத் திருப்பி வீட்டுக்கு வந்துரணும்."

கனிவான கவனத்திற்கு

மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மெல்போர்ன். ஏர்போர்ட்டில் நுழைந்ததிலிருந்தே அறிவிப்புக் குரல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அந்த இழுவை, அந்த வருத்தமே இல்லாத வருத்தம்! நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கொழும்பு செல்லும் விமானம் ரத்து செய்யப்பட்டது, நீங்கள் நீந்திச் செல்லலாம்" என்று கோபியின் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவன் துள்ளி எழுந்தான். எனக்கோ பரம சந்தோஷம்.

மதியம் தாண்டியது. விமானத்தில் ஏதோ கோளாறு, தாமதம் என்றார்கள். அப்புறம் இன்னும் தாமதம். பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குரல் வந்தது: கொழும்பு செல்லும் விமானம் ரத்து. நான் வாயையே திறக்கவில்லை. கையில் இருந்த பஃப்ஸைப் பாதி கடித்தபடி திகைத்து உட்கார்ந்திருக்கிறேன், முதுகில் படார் என்று ஒரு அடி. யாசின் சொன்னான்: "இதுக்கு மேல ஒரு தடவை பண்ணுன, உன்னைய லக்கேஜ்ல போட்டுருவேன் மாப்ள."

லாட்ஜுக்குள் கொழும்பு

உண்மை என்று புரிந்ததும் கோபி முகம் செத்துப்போனது. இதைவிடப் பெரிய தடங்கல் வேறென்ன வேண்டும்? அப்பாவுக்குத் தெரிந்தால் அவன் கதை முடிந்தது. "நீங்க ரெண்டு பேரும் போங்கடா" என்றான். யாசின் அவன் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். போனால் மூன்று பேர், இல்லையென்றால் யாரும் இல்லை. அது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. விமானக் கம்பெனிக்காரர்கள் பெருங்குடிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்க வைத்தார்கள். வேறு வழி பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

கொழும்பில் இறங்கியிருப்போம் என்று நினைத்து ராத்திரி கோபியின் அப்பா போன் செய்தார். நான் பாத்ரூமுக்குள் போய், எதிரொலிக்காக வாளிக்குள் தலையை விட்டு, இங்கிலீஷிலும் நானே கண்டுபிடித்த சிங்களத்திலும் அறிவிப்புக் கொடுத்தேன். பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே பரோட்டாக் கடையில் கொத்த ஆரம்பித்தார்கள். டகடக டகடக. அவர் கேட்டார், அது என்ன சத்தம் என்று. கோபி போனை யாசினிடம் நீட்டினான். யாசின் போனை வாங்கி, "கொழும்புலயும் கொத்து ஃபேமஸ்ப்பா" என்றான். பிறகு அவர் சொன்னார்: "அப்ப வாங்கித் தின்னுங்கடா, வெளிநாடுன்னு வயித்தக் காயப் போடாதீக."

கவுண்டர் அக்கா

காலையில் ஏர்போர்ட்டுக்குப் போய் கவுண்டர் முன்னால் நின்றோம். அங்கிருந்த அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். மத்தியானம் சென்னை போகும் விமானத்தில் மூன்று சீட், அங்கிருந்து வேறு வழியாக மெல்போர்ன். எல்லாம் எடுத்து வைத்திருந்தார். சம்மதம் வாங்க டிக்கெட்டில் இருந்த நம்பருக்கு ஓ.டி.பி. போகுமாம். அந்த ஓ.டி.பி.யைச் சொன்னால்தான் டிக்கெட் மாறும். அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்ப அந்த நம்பரைக் கூப்பிட்டாராம்.

அது கோபியின் அப்பா நம்பர். செல்லூர் நம்பர்! தெரியாத பெண் குரல், அதுவும் ஓ.டி.பி. கேட்கும் பெண் குரல்! இன்னும் கொஞ்ச நேரத்தில் பதில் வராவிட்டால், காத்திருக்கும் வேறு ஆட்களுக்குச் சீட்டைக் கொடுத்துவிடுவார்களாம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாதி எனக்குப் புரியாத பாஷை தம்பி, ஆனா புரிஞ்ச பாதியே போதும்."

சொந்தக் குரல்

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் கோபியை அவன் அப்பா திரும்பக் கூப்பிடுவார். சொல்லாவிட்டால் மூன்று சீட்டும் போய்விடும். கோபிதான், "பேசுடா, நான் பார்த்துக்கிறேன்" என்றான். அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, என் பிறந்த குரலில், நடந்ததை முழுதாகச் சொன்னேன். பின்னால் தறிச் சத்தம். "இது யாரு குரல்டா? நல்லா இல்லையே," என்றார். கோபி பேசினான். "என் மகன் குரலையும் எடுத்துட்டியா? அவன் கொழும்புல கொத்து தின்னுக்கிட்டு இருக்கான்," என்று வைத்துவிட்டார்.

வீடியோ காலில் பிடித்தோம். மகன் முகத்தைப் பார்த்தார், அவனுக்குப் பின்னால் கவுண்டரைப் பார்த்தார். எழுந்து போய்த் தறியை நிறுத்தினார். அவ்வளவு அமைதியான செல்லூரை நான் கேட்டதே இல்லை. "அப்ப காலையில பேசுனது..." என்று இழுத்தார். நான் அக்காவைக் காட்டினேன். சிவந்திருந்த கண்ணைப் பார்த்ததும் மனுஷன் சட்டைப் பட்டனையெல்லாம் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "அம்மாடி, இந்தப் பயன்னு நெனச்சு அம்புட்டையும் பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா." அக்கா பரவாயில்லை சார் என்றார். அடுத்த மூச்சில் அவர் கோபியிடம் திரும்பினார். "தடங்கல் வந்துருச்சில்ல? வீட்டுக்கு வா."

அப்பா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவனை நான் பார்த்ததில்லை. "கூப்பிட்டா வாரேன்ப்பா. ஆனா நாளைக்கும் கிளம்புவேன், நாளன்னைக்கும் கிளம்புவேன். நூல் அறுந்தா நீங்க தறியப் பூட்டிட்டா வர்றீங்க? முடிச்சுப் போட்டு ஓட்டுறீங்கல்ல?" திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவுண்டர் அக்காவைப் பார்த்தார். அந்தப் பெண் கேட்டதற்கு இன்னொரு முறை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, செல்லைத் தூரமாகப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக அக்காவிடம் வாசித்தார். டிக்கெட் மாறியது. யாசின் என்னைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போனில் அவர் குரல் கேட்டது: "இதுவும் அவன் வேலையா இருந்துச்சுன்னா, மூணு பேரையும் தறியில கட்டிருவேன்!"

விமானம் மேலே எழும்ப விமானியும் பெட்ரோலும் இருந்தால் போதும் என்று இதுவரை நினைத்திருந்தேன். எங்கள் விமானத்துக்கு மட்டும் செல்லூரில் ஒரு மனுஷன் எழுந்து போய்த் தறியை நிறுத்த வேண்டியிருந்தது.