டி டிரைவில் கேட்ட மணி

இது நடந்தது. கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். நம்பாதவர்கள் போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நடுராத்திரி, சுடுகாடு என்று எதுவும் கிடையாது. சனிக்கிழமை, பட்டப்பகல், தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை.

மதியம் 2.10-க்கு லூயிசா அக்கா ஆட்டோவில் ஒரு பழைய சிபியுவைக் கொண்டுவந்தார். அவர் கணவர் வாசு அண்ணன் சுரங்கத்தில் வேலை செய்தவர், போன வருடம் இறந்துவிட்டார். கல்தூசு நெஞ்சில் படிந்து மூச்சுவிட முடியாமல் கிடக்கும் அறுபத்து மூன்று பேருக்கு இலவச சிகிச்சை கேட்டு வழக்குப் போட்டவர் அவர்தான். எல்லோருடைய எக்ஸ்ரே ரிப்போர்ட்டும் அந்த கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்தது. காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. திங்கட்கிழமை பெங்களூரில் விசாரணை. ரிப்போர்ட் இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

“இன்னா ஷோபா, டி தொறக்க மாட்டேங்குது. ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது.”

“பண்ணலியே?”

“இல்லமா.”

“அப்ப உக்காருங்கக்கா. நான் எடுத்துக் குடுக்குறேன்.”

ஹார்டு டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பார்ட்டிஷன் கெட்டிருந்தது. ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். மணி 2.40. பதினேழு சதவீதத்தில் நின்றது.

டிக்... டிக்... டிக்.

கெட்ட டிஸ்க் சத்தம் போடும்தான். ஆனால் இது மூன்று அடித்து நிறுத்தியது. மறுபடி மூன்று.

என் அப்பா நந்திதுர்க் சுரங்க வாசலில் மணி அடித்தவர். கீழிருந்து மூன்று மணி வந்தால் கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். மேலிருந்து மூன்று அடித்துப் பதில் கொடுத்தால்தான் கேஜ் நகரும். மூன்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எங்கள் வீட்டில் பாவம்.

கை தானாகப் போனது. ஸ்க்ரூடிரைவரால் மேசையில் மூன்று தட்டினேன். செய்திருக்கக் கூடாது.

பதினெட்டு சதவீதம்.

நின்றபோதெல்லாம் மூன்று டிக். நான் மூன்று தட்டுவேன். நகரும். கடைக்குள் ஈரப் பாறை வாசனை... வெளியே சுள்ளென்று வெயில்.

4.05. கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் செத்தது. மானிட்டர் இருண்டது.

டிக்... டிக்... டிக்.

வயரைப் பிடுங்கினேன். டிஸ்க் என் உள்ளங்கையில் இருந்தது.

டிக்... டிக்... டிக்.

“வேணாம்மா... உட்டுடு,” என்றார் லூயிசா அக்கா.

பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

“யாரா இருந்தா எனக்கின்னா? அறுபத்து மூணு பேரு மூச்சுக்கு இழுத்துனு இருக்காங்க. குடுத்துட்டுப் போ!”

மூன்று தட்டினேன். ஓங்கித் தட்டினேன்.

கரண்ட் வந்தது. மாட்டினேன். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய மீட்பு... அறுபத்தொரு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

5.10. நூறு.

அறுபத்து மூன்று ஃபைல். எல்லாம் திறந்தன.

திங்கட்கிழமை தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் நான் உருவாக்கிய போலி என்றார். எக்ஸ்ரே எண்களை மட்டும் குறித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். ஒரு எண் கூட மாறவில்லை. வழக்கு தள்ளுபடி ஆகவில்லை.

ஃபைல்களைச் சோதிக்க கோர்ட் அனுப்பிய ஆய்வகத்தின் அறிக்கை பிறகு வந்தது. அறுபத்து மூன்று தாள்களும் ஸ்கேன் செய்யப்பட்ட நேரம்: அதே சனிக்கிழமை, 2.52 முதல் 5.10 வரை. என் கடையில் ஸ்கேனரே கிடையாது. எத்தனை முறை கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

கடைசி ஃபைலின் ஓரத்தில், தாளை அமுக்கிய கட்டைவிரல் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. நகம் இல்லாத பாதி விரல். லூயிசா அக்கா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். போன வருடம், சவப்பெட்டியை மூடுவதற்கு முன், அந்தக் கையை அண்ணனின் மார்பில் மடித்து வைத்தது அவர்தான்.