மூன்றாவது சட்டை

ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியில் மாட்டி என் சட்டைக் கை கிழிகிறது. கொள்ளிடக் கரைக்குப் போகும் தெருவில் ஒரு தையல்கடை. ஆண்களுக்குச் சட்டை தைக்கும் கடை. தைப்பவர் ஒரு பெண்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, வேலியில் தொங்கும் பாம்புச் சட்டையைக் காட்டுகிறார். "நேத்துதாங்க உரிச்சுப் போட்டிருக்கு. அளவெடுக்காமலே எவ்வளவு கச்சிதம் பாருங்க!"

சைக்கிளில் போகும் ஒருவர், "ஆம்பளைக்குப் பொம்பள அளவெடுக்கிற காலமா போச்சு" என்று எங்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்குத்தான் சுருக்கென்று இருக்கிறது. "தினமும் இப்படித்தானா?"

"கடை போட்ட புதுசுல அழுதிருக்கேங்க" என்று நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். "இப்ப பொங்கல் வரைக்கும் ஆர்டர் இருக்கு. சட்டை தைக்கவே நேரம் பத்தல. இதுல அவரை எங்கங்க சட்டை பண்றது?"